முன்சுவரைத் தொடாதே

மார்ச் 3

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். போடட்டும். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது. நீ ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. நானாக இனி உன்னோடு பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். என்னைக் கட்டின உன் மாமாதான் விடவில்லை. "கூடப் பொறந்தவன் பெயிண்டரா இருக்கான், நீ ஊர்ல இருக்கறவங்ககிட்டயெல்லாம் யோசனை கேட்டுக்கிட்டு இருக்கியே" என்று ஒரே நச்சரிப்பு. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சண்டைதான் வரும். அதனால் கடிதம்.

விஷயம் வீட்டின் வெளிப்பக்கம். இந்தக் கிழட்டு வீட்டை வாங்கின நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சரி பண்ணிக்கொண்டு வருகிறோம். முதல் வருடம் குளியலறை. அடுத்த வருடம் சமையலறைத் தரையும் மாடி அறையின் கூரையும். இப்போது வெளிச்சுவர். பின்சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. பக்கச் சுவர் இரண்டும் பாசி. ஒரு சன்ஷேடில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கிறது. முன்சுவர் ஒன்றுதான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது.

கொத்தனார் வந்து பார்த்தார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்கிறார், அதனால் குட்டி அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள். நாலு பக்கமும் பழைய பூச்சை உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டுமாம். முன்சுவரையுமா என்று கேட்டேன். சுத்தியலால் தட்டிக் காட்டினார். மாடி ஜன்னலுக்குக் கீழே மட்டும் உள்ளே காலியாக இருப்பதுபோல் பொத்பொத்தென்று சத்தம் வந்தது. எனக்குப் பகீரென்றது. நல்ல சுவரை ஏன் உடைக்க வேண்டும்? நீ என்ன சொல்கிறாய்?

அம்மாவின் போர்வையைப் பற்றி நான் கேட்டதில்தான் உனக்குக் கோபம் என்று மாமா நினைக்கிறார். கேட்டது தப்பா? அம்மா போன பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அவள் தன் கையால் ஓரத்தில் பச்சை நூல் போட்டுத் தைத்த அந்தப் போர்வை ஒன்று போதும் என்றேன். நீ அம்மாவோடு இருந்தவன், உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? "நான் பாக்கலையே அக்கா" என்றாய். சரி, விடு. சுவருக்குப் பதில் எழுது.

அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். இங்கே துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். பலகையில் உட்கார்ந்து தொங்கிக்கொண்டு வேலை. முதுகுவலி தவிர வேறு குறையில்லை.

பின்சுவர், பக்கச் சுவர் இரண்டு, இவை மூன்றையும் கொத்தனார் சொன்னபடியே செய்யலாம். உப்புப் பூத்த இடத்தில் செங்கல் தெரிகிற வரைக்கும் சுரண்டி, ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டுப் பூசச் சொல். கம்பியில் துருவை எடுக்காமல் சிமென்ட் வைக்க விடாதே.

முன்சுவரைத் தொடாதே. செய்தவன் நன்றாகவே செய்திருக்கிறான், அந்த வழவழப்பு மறுபடி வராது. மேலே ஒரு கோட் அடித்தால் போதும்.

முன்மூலையில் இறங்குகிற மழைத்தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்திருக்கலாம். அதை முதலில் தோண்டிப் பார்த்துத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடு. மற்றதெல்லாம் பிறகு.

குட்டி எந்த அறையில் படுக்கிறாள்? மாடியில் என்றால் கீழே மாற்றிவிடு. மாடியில் வெயில் இறங்கும், தூக்கம் வராது.

போர்வையைப் பற்றி எனக்குத் தெரியாது.

தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

மூன்று வருடம் கழித்து அக்காவுக்கு எழுதுகிற கடிதமா அது? சிமென்ட் கடைக்காரன்கூட இதைவிட அன்பாகப் பில் போடுவான். குட்டிக்கு என்ன வயது, என்ன படிக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கே படுக்கிறாள் என்று மட்டும் கேட்கிறாய். பதினான்கு வயதுப் பெண், தனக்கென்று ஒரு அறை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறாள். அவளைக் கீழே இறக்க என்னால் முடியாது.

மூன்று பக்கமும் உதிர்த்தாகிவிட்டது. வீட்டைச் சுற்றிக் குப்பை மலைபோல் கிடக்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்னை முறைக்கிறார். குழாய் வேலையைச் சொன்னேன், கொத்தனார் பாத்துக்கலாம் என்றார்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது. முன்சுவர் வழவழப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு அப்படி எழுதவில்லையே? முன்மூலையில் குழாய் இறங்குகிறது என்கிறாய். என் வீட்டு வாசலை மிதிக்காதவனுக்கு என் வீட்டுக் குழாய் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மாமாவிடம் காட்டினேன். "எல்லா வீட்லயும் மூலையிலதானே குழாய் இருக்கும், நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுவே" என்று சிரித்தார். மூன்று பக்கம் புதிதாகவும் ஒரு பக்கம் பழையதாகவும் இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்காது என்று அவர் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் முன்சுவரில் கை வைக்கிறார்கள். உனக்குச் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அதற்குள் சொல்.

அக்கா

*

மார்ச் 15, மதியம்

டேய்,

துறைமுகத்துக்கு வருகிற பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சாயங்காலம் உன் கைக்கு வந்துவிடும். போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு மாடி ஜன்னலுக்குக் கீழே உளி வைத்தார்கள். உடைந்த பூச்சு கீழே விழாமல் அப்படியே தொங்கியது. "என்னம்மா இது, சுவத்துக்குள்ள துணி இருக்கு" என்று கொத்தனார் கத்தினார். நான் சாரத்தில் ஏறிப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த துணி. அதன் முனையை நடுவில் கிழித்து இரண்டாக்கி, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஒட்டியிருந்தது.

விரிசலை எல்லாப் பெயிண்டரும் பட்டி மாவால் அடைத்து மூடுவார்கள். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணியைப் பசையில் நனைத்து, விரிசல்மேல் ஒட்டி, அதற்கு மேல் பூசுகிறவரை நான் அப்பாவைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை. துணி கிழித்துக் கொடுப்பது என் வேலை. பசை கலக்குவது உன் வேலை. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது.

துணியைப் பிடித்து இழுத்தேன். ஜன்னலிலிருந்து தரைவரைக்கும் உரிந்துகொண்டே வந்தது. பின்னால் விரிசல். கொத்தனார் பூச்சுக் கரணையை நுழைத்தார், பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. உள்பக்கம் குட்டியின் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது, சின்னக் கீறல்தானே என்று விட்டிருந்தோம். கரணை பட்டதும் அங்கேயும் பொலபொலவென்று உதிர்ந்தது. குட்டி உள்ளேயிருந்து, "அம்மா, உன் கண்ணு தெரியுது" என்றாள். அவள் தலைமாட்டுக்கு ஒரு அடிகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் கையிலிருந்த துணியைத் திருப்பிப் பார்த்தேன். மேலே இருந்ததெல்லாம் வெள்ளைத் துணி. கீழே இருந்த துண்டுகளின் ஓரத்தில் பச்சை நூல்.

நான் கத்தினேனாம். தையல்காரர் ஓடிவந்து என்னைச் சாரத்திலிருந்து இறக்கினாராம். எனக்கு எதுவும் நினைவில்லை.

என் வீட்டுச் சுவருக்குள் அம்மாவின் போர்வை எப்படி வந்தது? ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை? பதில் எழுது.

*

மார்ச் 16

அக்கா,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதெல்லாம் அப்புறம்.

குட்டியை மாடியில் விடாதே. பகலில்கூட வேண்டாம். அந்த அறையிலிருக்கிற கனமான சாமான்களை இறக்கிவிடு. விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டச் சொல், மேலே, நடுவில், கீழே. இரண்டு முனையும் சிமென்ட்டில் பதிய வேண்டும். பக்கத்தில் தேதி எழுதிவை. கண்ணாடி உடையாமல் இருந்தால் சுவர் நின்றுவிட்டது என்று அர்த்தம். உடைந்தால் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. குழாய் மூலையை இன்றைக்கே தோண்டிப் பாருங்கள்.

இப்போது மற்றது. துணியைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும், கடைசியில் தெரிந்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்காக என்னைச் செருப்பால் அடி.

நீ அந்த வீட்டை வாங்குவதற்கு ஒன்றரை மாதம் முன்பு பழைய வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். மூலை இறங்கியிருந்தது. என் விரல் விரிசலுக்குள் போனது. "அஸ்திவாரத்தைப் பாக்காம இதை மூடக் கூடாது சார்" என்றேன். "உன்னை வைத்தியம் பாக்கக் கூப்பிடலை, பவுடர் போடத்தான் கூப்பிட்டேன்" என்றார். அப்போது எனக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை. செய்தேன். அப்பா செய்கிற மாதிரியே செய்தேன். கெட்டதை நன்றாகச் செய்தேன்.

கொண்டுபோன துணி பாதியில் தீர்ந்துவிட்டது. அம்மா போன பிறகு வீட்டில் மூட்டை கட்டி வைத்திருந்த பழைய துணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதிலிருந்து எடுத்துக் கிழிக்கும்போதுதான் பச்சை நூல் கண்ணில் பட்டது. பாதி கிழிந்துவிட்டது. பசை காய்ந்துகொண்டிருந்தது. மீதியையும் கிழித்தேன். அப்புறம் நீ போர்வையைக் கேட்டாய். என்ன சொல்வேன்? யாரோ ஒருவன் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்றா?

யாரோ ஒருவன் வீடு என்றுதான் நினைத்தேன் அக்கா. பிறகு ஒரு நாள் நீ போன் பண்ணினாய். வீடு வாங்கியாச்சு, பத்திரம் முடிஞ்சாச்சு என்றாய். எந்தத் தெரு என்று கேட்டேன். "முன்சுவரைப் பாக்கணும்டா, புதுசு மாதிரி இருக்கு, அதைப் பாத்துத்தான் உன் மாமாவே சரின்னாரு" என்றாய். நான் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அந்தச் சிரிப்பின் நடுவில் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் தள்ளினேன். பிறகு ஒரு வாரம். அதற்கப்புறம் சொல்கிற தைரியம் போய்விட்டது.

கோபித்துக்கொண்டு வராமல் இருந்தேன் என்று நினைத்தாய். இரண்டு தடவை வந்தேன். தெருமுனையில் நின்று சுவரைப் பார்த்தேன். மேலே கோடு எதுவும் தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டேன்.

தம்பி

*

மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருமுனைவரைக்கும் வந்தாயா? உள்ளே உன் அக்கா மகள் அந்தச் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தாள், நீ கோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாயா? உன்னைத் தூக்கி வளர்த்த கை இது.

கண்ணாடி ஒட்டினோம். மூன்று நாள் மூன்றும் நன்றாக இருந்தன. நாலாம் நாள் காலையில் மேலே ஒட்டியது இரண்டாகிக் கிடந்தது. சத்தமே கேட்கவில்லை. நேற்று நடுவில் இருந்ததும் போய்விட்டது. மூலையைத் தோண்டினார்கள். கொத்தனார் குழாய்க்கடியில் கையை விட்டார், தோள்வரைக்கும் போனது. மண் எல்லாம் கரைந்து ஓடியிருக்கிறது. வீட்டின் மூலை காற்றில் நிற்கிறது. அந்த மனிதர் முதல் தடவையாகப் பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை.

நான் இப்போது எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. மாமா முந்தாநாள் ஒன்று சொன்னார். "உன் தம்பியையே கூப்பிடு. பழைய மாதிரியே மூடட்டும். வித்துட்டு வேற வீடு பாத்துக்கலாம்." நான் அவரை என்னவெல்லாமோ திட்டினேன். மறுநாள் காலை பாத்திரம் கழுவும்போது, எத்தனை நாளில் மூட முடியும் என்று நானே மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நர்ஸ் இந்தத் தெருவில் வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். தையல்காரர் சொன்னார். வயதான அப்பாவோடு இருக்கிறாளாம். இருபத்தாறாம் தேதி வந்து பார்க்கட்டுமா என்று கேட்டனுப்பினாள். சரி என்றேன்.

நாங்கள் எல்லாவற்றையும் இந்த வீட்டில் போட்டுவிட்டோம். வேறு போக்கிடம் இல்லை. நீ செய்ததை நீயே மறுபடி வந்து செய். துணி நான் கிழித்துத் தருகிறேன்.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

இதை நீதான் எழுதினாயா? கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்தேன். உன்னுடையதுதான். சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், அதற்குப் பிறகு பலகையில் ஏற முடியவில்லை. மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

நீ என்னை எப்படித் திட்டினாலும் தாங்கிக்கொள்வேன். துணி கிழித்துத் தருகிறேன் என்றாயே, அதைத் தாங்க முடியவில்லை. வர மாட்டேன். அந்த வேலைக்கு வர மாட்டேன். உனக்கு எதுவும் மறுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும். இதை மட்டும் மறுக்கிறேன்.

எனக்கு அந்த வீட்டை யார் வாங்கப்போகிறார்கள் என்று தெரியாது. தெரியாமல் செய்ததற்கே மூன்று வருடம் தூக்கம் போனது. உனக்குத் தெரியும். நர்ஸ், அவளுக்கு ஒரு அப்பா. அவளை நேரில் பார்க்கவும் போகிறாய். உன்னால் முடியாது அக்கா. முடியும் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த மூலையைக் காப்பாற்றலாம். ஒரேயடியாகத் தோண்டக் கூடாது. முதலில் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மூன்றடி தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகின பிறகு அடுத்த மூன்றடி. இரண்டு மாதம் ஆகும். அதற்குக் கூப்பிடு, இந்த வேலையை விட்டுவிட்டு வருகிறேன்.

தம்பி

*

மார்ச் 28

தம்பிக்கு,

முடியும். என்னால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நர்ஸ் வந்தாள். அப்பா ரிடையரான பஸ் கண்டக்டர், மெதுவாகத்தான் நடக்கிறார். சாரத்தின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொல்லியிருந்தேன். "வெளிய பூச்சு வேலை நடக்குதுங்க, முடிஞ்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது.

மாடிக்குக் கூட்டிப் போனேன். சுவர்க் கீறலை மறைத்து மாமா அலமாரியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார். அவள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "நைட் டியூட்டி முடிச்சு வந்து பகல்லதான் தூங்குவேன், இங்க படுத்தா சத்தமே கேக்காது, கட்டிலை இந்தச் சுவத்தோரம் போட்டுக்கலாம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். மாமா அவளுடைய அப்பாவுக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். அரை மணி நேரம் இருந்தார்கள். என் நெஞ்சு ஒரு தடவைகூடப் படபடக்கவில்லை. மறுநாள் வந்து பேசி முடிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாசல்வரை போய்க் கையாட்டினேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். குட்டி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "அவங்ககிட்ட நீ சொல்லலையா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. மறந்துவிட்டாயா என்று கேட்பதுபோல் கேட்டாள். மூன்று வருடம் நீ செய்ததை நான் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிட்டேன், யாரும் சொல்லித் தராமலே.

நேற்று காலை அவர்கள் வருவதற்கு முன்பே நான் சாரத்தில் ஏறித் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டேன். மாமா கீழே நின்று, "உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினார். தெருவே பார்த்தது. அந்தப் பெண் வந்ததும் அவள் கையைப் பிடித்து விரிசலுக்குள் வைத்தேன். மணிக்கட்டுவரைக்கும் போனது. உடைந்த கண்ணாடியைக் காட்டினேன். குழியைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இதை நேத்தே ஏங்க சொல்லலை?"

உன்னிடம் நானும் இதைத்தான் கேட்டேன். நீ பக்கம் பக்கமாக எழுதினாய். நான் அவிழ்த்த தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாமா என்னோடு பேசுவதில்லை. ஆனால் சாயங்காலம் அவரே போய் முட்டுக்கு மரம் சொல்லிவிட்டு வந்தார். இன்றைக்கு முட்டுக் கொடுத்தாகிவிட்டது. முதல் மூன்றடியைத் திங்கட்கிழமை தோண்டுகிறார்கள். கொத்தனாருக்கு ஒரு ஆள் குறைகிறது.

புறப்பட்டு வா. வந்ததும் என்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே. நீ கேட்டால் நானும் அந்தப் பெண்ணைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவள் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றுகூட நான் விசாரித்து வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா